வாழ்ந்தவர் சொன்ன வழி

பிறருக்கு வழிகாட்ட விரும்புகிறவர் இருவகையாகப் பேசலாம். "இவ்வாறு செய்வாயாக" என்று கூறுவது ஒரு வகை. "நான் இவ்விடத்தில் விழுந்தேன், இவ்வாறு எழுந்தேன்" என்று கூறுவது மற்றொரு வகை. முன்னதை அறிவுரை என்றும் பின்னதைச் சான்று என்றும் அழைக்கலாம். இவ்விரண்டையும் ஒரே நூலில் பிணைத்து வாசகரை ஊக்குவிக்கும் எழுத்து இன்று தமிழகத்தின் பேருந்து நிலையப் புத்தகக் கடைகளை நிறைத்து நிற்கின்றது. தன்வரலாறு என்று வாங்கினால் உள்ளே வெற்றிக்கு வழிகள் இருக்கின்றன. தன்முன்னேற்ற நூல் என்று வாங்கினால் உள்ளே ஆசிரியரின் வாழ்க்கைக் கதை இருக்கின்றது. இக்கலப்பு எங்கிருந்து வந்தது? யாருக்கு நன்மை செய்தது? எவ்விடத்தில் ஏமாற்றுகின்றது? இவற்றைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நம் இளைஞர்களின் நலனுக்குத் தேவையான பணி என்று கருதுகிறோம்.

பழங்காலத்து வித்து

இவ்வகை எழுத்து அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் 354-ஆம் ஆண்டு பிறந்த புனித அகுஸ்தினார், ஹிப்போ நகரின் ஆயராகி அதிக காலம் கழியாத நிலையில், ஏறத்தாழ 397-க்கும் 400-க்கும் இடையில் தம் 'ஒப்புதல்கள்' என்னும் நூலை எழுதினார். பதினாறு வயதில் நண்பர்களுடன் சேர்ந்து அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதை, பசிக்காக அன்றித் திருட்டின் இன்பத்துக்காகவே திருடியதை, ஓர் ஆயர் எழுதி வைக்கின்றார். ஏன் எழுதினார்? அந்நூலின் பத்தாம் பகுதியில் அவரே விடை தருகின்றார். படிப்பவரின் உள்ளம் அவநம்பிக்கையில் உறங்கிவிட்டு, தன்னால் இயலாது என்று சொல்லாதிருக்கவே இக்கதை என்பது அவர் கூற்றின் சாரம். ஊக்கமூட்டும் எழுத்தின் நோக்கத்தை இதைவிடத் தெளிவாக எவரும் கூறியதில்லை. அதே பகுதியில், ஆயரான பின்னும் தம்மை விட்டு அகலாத சோதனைகளையும் அவர் பட்டியலிடுகின்றார் என்பதை நாம் மறக்கலாகாது. தாம் கரையேறிவிட்டதாக அவர் நடிக்கவில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு ஒன்று லொயோலா ஊரினரான ஒரு வீரரின் காலை முறித்தது. படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் படிப்பதற்கு வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுகளுமே கிடைத்தன. வீரப் புகழைப் பற்றிய கனவு முடிந்தபின் மனம் வறண்டு போவதையும், புனிதர்களைப் பற்றிய கனவு முடிந்தபின்னும் மகிழ்ச்சி நிலைத்திருப்பதையும் அவர் கவனித்தார். பின்னர் 1522-23-இல் மன்ரேசாவில், தம் பாவங்கள் மன்னிக்கப்படவில்லையோ என்ற ஐயம் அவரை வாட்டி, உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை கொண்டுசென்றது. இவ்வனுபவங்களிலிருந்து பிறந்ததே 1548-இல் உரோமையில் அச்சேறிய 'ஆன்மீகப் பயிற்சிகள்'.

இங்கே ஒரு செய்தி நம் கருத்துக்கு உரியது. பயிற்சி நூலில் 'நான்' என்று தம் கதையை இஞ்ஞாசியார் சொல்லவில்லை. பயிற்சியைப் பெறுகிறவர் தம் சொந்த வாழ்க்கையை அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியர் தம்மை மறைத்துக்கொண்டார். தம் கதையை அவர் 1553-க்கும் 1555-க்கும் இடையில் கொன்சால்வெஸ் த கமாரா என்னும் துறவியிடம் வாய்மொழியாகவே கூறினார். அதிலும் தம்மைத் 'திருப்பயணி' என்று படர்க்கையில்தான் குறிப்பிட்டார். வாழ்க்கை ஒரு நூல், வழிமுறை மற்றொரு நூல். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. ஆயினும் ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. நம் பழனி மலைத்தொடரிலேயே, 1895-இல் தொடங்கப்பெற்ற செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில், இயேசு சபையின் இளந்துறவியர் பல தலைமுறைகளாக இப்பயிற்சிகளின்வழி உருவாக்கப்பட்டனர்.

1859: ஒரே ஆண்டு, இரு நூல்கள்

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் 1771-இல் தம் மகனுக்கு எழுதுவதுபோலத் தம் வரலாற்றைத் தொடங்கினார். அதில் பதின்மூன்று நற்பண்புகளை அட்டவணையிட்டு, ஒவ்வொரு வாரமும் ஒன்றைப் பயின்று, தவறிய நாள்களில் கரும்புள்ளி இட்ட கதை வருகின்றது. இன்றைய தன்முன்னேற்ற நூல்களின் அட்டவணைகளுக்கெல்லாம் அதுவே பாட்டன். ஆனால் ஒழுங்கு என்னும் பண்பில் தாம் இறுதிவரை தேறவில்லை என்பதையும் பிராங்கிளின் எழுதி வைத்தார். பேரர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டனர்.

1859-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 'தன்னுதவி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். லீட்ஸ் நகரத் தொழிலாள இளைஞர்களுக்கு 1845-இல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்தது அது. முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்றன. 1871-இல் ஜப்பானிய மொழியிலும் வந்தது. உழைத்து உயர்ந்த பலரின் வரலாறுகளே அந்நூலின் உடல். அறிவுரை அதன் உயிர்.

அதே 1859-இல் தமிழகத்தில் 'நீதிநூல்' வெளிவந்தது. அதை இயற்றியவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நீதித்துறையில் முன்சீப்பாகப் பணியாற்றிய அவர், நீதிமன்றத்தில் கண்டதை நீதியாகப் பாடினார். செய்யுளில் கூறும் அறிவுரை எல்லார் உள்ளத்திலும் இறங்காது என்பதை உணர்ந்தார் போலும்! 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் உரைநடைக் கதையை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் அது, கதைத்தலைவன் தன் வரலாற்றைத் தானே சொல்வதாக அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கற்பனைத் தன்வரலாற்றுக்குள் நல்லொழுக்கப் பாடங்களை வைத்துத் தைத்த முதல் தமிழர் அவரே எனலாம். அவர் சொல்லுக்கு அவர் வாழ்க்கை துணை நின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியதும் அக்கொடைக்காகவே.

தமிழர் தம் கதை எழுதிய காலம்

வேதநாயகரின் நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் வேதநாயகரைத் தலைவராக வைத்துக் 'குளத்துக் கோவை' இயற்றியவர். அந்த மகாவித்துவானின் மாணவரே டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கி 1942-இல் அவர் மறைந்த காலம் வரை வெளிவந்த 'என் சரித்திரம்' யாருக்கும் அறிவுரை கூறவில்லை. ஆயினும் அதைப் படித்து முடித்தவர் ஒருமுறையேனும் தம் சோம்பலை நினைத்து வெட்கப்படாமல் இரார். வறுமையில் உழன்ற பெற்றோர், ஊர் ஊராகப் பெயர்ந்த குடும்பம், ஒரு நல்லாசிரியரைத் தேடி அலைந்த இளமை, செல்லரித்த ஏடுகள் ஆகிய எல்லாம் அதில் உண்டு. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற நூல்களையெல்லாம் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன பயன் என்று வினவி, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியே 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாகக் கனிந்தது. தம்மைத் திருப்பிவிட்டவர் பிறர் ஒருவரே என்று நூலில் நன்றியோடு எழுதி வைத்தார் ஐயர்.

காந்தியடிகளின் தன்வரலாறு 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் தொடராக வந்தது. அவர் அதற்குச் 'சோதனை' என்றே பெயரிட்டார். ஆய்வுக்கூடத்தில் பிழைத்துப்போன சோதனையும் குறிப்பேட்டில் பதிவாக வேண்டுமல்லவா? அவர் தம் இளமைத் திருட்டையும் தந்தையாரிடம் எழுதிக் கொடுத்த ஒப்புதலையும் மறைக்காமல் வைத்ததன் காரணம் அதுவே.

"உன்னால் முடியும்" என்ற குரல்

இந்நீரோட்டம் நம் காலத்துத் தன்முன்னேற்ற நூலாக வடிவெடுத்தது டாக்டர் எம். எஸ். உதயமூர்த்தியின் எழுத்தில். மயிலாடுதுறைப் பகுதியின் விளநகரில் 1928-இல் பிறந்தவர்; வேதியியல் பயின்று, அமெரிக்கா சென்று பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் விளங்கியவர். 'எண்ணங்கள்', 'உன்னால் முடியும்' முதலிய அவர் நூல்கள் சிற்றூர் நூலகங்களிலும் ஏடு கிழியப் படிக்கப்பட்டன. ஒரு கிராமத்துப் பையன் கடல் கடந்து உயர்ந்த கதை அவர் சொன்ன ஒவ்வோர் அறிவுரைக்கும் பிணை நின்றது. 1988-இல் இயக்குநர் கே. பாலசந்தர் தம் 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தின் நாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர் வைத்தார்.

அதே 1988-இல் அவர் செய்த மற்றொரு செயலை நாம் பெரிதும் மதிக்கிறோம். தாயகம் திரும்பியிருந்த அவர் 'மக்கள் சக்தி இயக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தனிமனித எண்ணத்தின் வலிமையைப் பேசியவர், தனிமனித எண்ணம் மட்டும் போதாது. ஊர் கூடித்தான் சில தேர்களை இழுக்க வேண்டும் என்று செயலால் ஒப்புக்கொண்டார். 2013-இல் அவர் மறையும்வரை இவ்விரு குரல்களும் அவரிடம் ஒலித்தன. அவர் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பல நூல்களில் முதற்குரல் மட்டுமே கேட்கின்றது.

1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் 'அக்னிச் சிறகுகள்' எனத் தமிழில் உலவும் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் வரலாறு இவ்வகையின் சிகரம். இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அவர் கதையில் இளைஞர்கள் நினைவில் வைத்திருப்பது ஏவுகணைகளையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும். நூலில் இருப்பவை இன்னும் பல. விமானப் படைக்கான தேர்வில் எட்டு இடங்களுக்கு 25 பேர் போட்டியிட, அவர் ஒன்பதாவதாக வந்து வெளியே நின்றார். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது, அவருடைய தமக்கை சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியின் ஐயாத்துரை சாலமோன் விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்னும் மூன்றையும் அவருக்குக் கற்பித்தார். திருச்சி தூய வளனார் கல்லூரி அவரை ஏற்றது. 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் பொறுப்பில் ஏவிய ராக்கெட் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது வென்றது. வீழ்ந்த நாளில் செய்தியாளர் முன் பழியைத் தாம் ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான் என்பதையும், வென்ற நாளில் பேசும் வாய்ப்பைத் தமக்கே விட்டுக்கொடுத்தார் என்பதையும் கலாம் மேடைதோறும் சொல்லி வந்தார்.

அன்பு வாசகர்களே, அடகு வைத்த வளையல்களை நீக்கிவிட்டு இக்கதையைச் சொல்லிப் பாருங்கள். ஒருவன் கனவு கண்டான், உழைத்தான், உயர்ந்தான் என்று ஆகிவிடும். கேட்க இனிமையாக இருக்கும். உண்மையாக இராது.

பூம்பாறையில் எழுந்த கேள்வி

கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 18 கி.மீ. தொலைவில் உள்ள பூம்பாறை, குழந்தை வேலப்பர் கோயிலாலும் மலைப்பூண்டாலும் பெயர் பெற்ற ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பூண்டு பயிரிடும் இளைஞர் ஒருவர், தன்முன்னேற்ற நூல்களைத் தேடித்தேடிப் படிப்பவர், விலை சரிந்த ஓர் ஆண்டில் நம்மிடம் வந்தார். விதைப்பூண்டுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. அவர் கோபமாகப் பேசவில்லை. அதுவே நமக்கு அச்சத்தைத் தந்தது. "புத்தகத்துல சொன்னபடி எல்லாம் செஞ்சேன் சாமி. விடியக்காலம் எந்திரிச்சேன், நல்லதையே நெனச்சேன். ஒண்ணும் வரல. அப்பக் கோளாறு எங்கிட்டத்தானே?" என்றார்.

வாசகரை ஊக்குவிக்க எழுந்த நூல், அவரை இவ்விடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது எவ்வாறு? வெற்றி உன் எண்ணத்தால் வரும் என்று ஒரு நூல் கற்பித்தால், தோல்வியும் உன் எண்ணத்தாலேயே வந்தது என்பதும் அதனுள் அடங்கிவிடுகின்றது. சந்தை விலை, மழை, கடன் வட்டி, பிறந்த சாதி, கிடைக்காத பள்ளி ஆகிய எதற்கும் அங்கே இடமில்லை. பாரமெல்லாம் ஒரு தலைமீது. நோயுற்ற யோபுவிடம், நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதிட்ட நண்பர்களின் போதனையும் இதுவேதான். அப்போதனையை ஆண்டவர் கடிந்துகொண்டார் என்பதை விவிலியம் படிப்போர் அறிவர்.

பூம்பாறையின் படிவயல்களைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்படியில் விளையும் பூண்டைக் கீழேயுள்ள ஒவ்வொரு வரப்பும் தாங்குகின்றது. அவ்வரப்புகளை இன்று உழுபவர் மட்டும் கட்டவில்லை. பாட்டனும் முப்பாட்டனும் கட்டினார்கள். உழுபவரின் உழைப்பு பொய்யா? இல்லை. அது மட்டுமே விளைவித்தது என்பதுதான் பொய்.

இவ்வுண்மையை வேறொரு கோணத்திலிருந்து உரக்கச் சொன்ன தன்வரலாறு 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறவு மடத்தில் சேர்ந்து, அதைவிட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் கதை அது. திருச்சபைக்குள்ளும் சாதி இருந்ததை அது சொன்னபோது நம்மில் பலர் முகம் சுளித்தோம். அந்நூலில் வெற்றிக்கு வழிகள் என்று ஒரு பட்டியலும் இல்லை. ஆயினும், தன் அவமானத்துக்குக் காரணம் தன் குறை அன்று. தன்மீது சுமத்தப்பட்ட அநீதி என்று கண்டுகொண்ட எத்தனையோ பேருக்கு அது நிமிர்ந்து நிற்கும் வலிமையைத் தந்தது. குறை எங்கே இருக்கின்றது என்று சரியாகச் சொல்வதே சில வேளைகளில் மிகப் பெரிய ஊக்கமாகின்றது.

நாம் என்னும் சொல்

நல்ல வழிமுறையும் உண்மையான வாழ்க்கைக் கதையும் பிழையின்றி இணைந்த நூல் ஏதேனும் உண்டா? நாம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடிக்கு அடிமையான இருவர் ஒருவருக்கொருவர் தம் கதையைச் சொல்லி மீண்டனர். அச்சந்திப்பிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம் பிறந்தது. 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலின் ஒரு பகுதி பன்னிரு படிகள் கொண்ட வழிமுறை. மறுபகுதி மீண்டவர்களின் வரலாறுகள். அடுத்த ஆண்டே இயேசு சபைக் குருவாகிய எட்வர்ட் டவ்லிங், இப்படிகளுக்கும் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்து, அவ்வியக்கத்தாரைத் தேடிச் சென்றார்.

அப்பன்னிரு படிகளில் 'நீ செய்' என்ற ஏவல் இல்லை. 'நாங்கள் ஒப்புக்கொண்டோம்' என்ற போக்கில், நடந்து முடிந்ததாகவே அவை பேசுகின்றன. முதற்படியே தன் வலிமையைப் பறைசாற்றுவது அன்று. தன் இயலாமையை ஏற்பது. எல்லாம் உன்னால் முடியும் என்று சொல்லும் நூல்களுக்கு நேர் எதிரான இந்த வாயில் வழியாக எண்ணற்றோர் தெளிவு பெற்று இல்லம் திரும்பியுள்ளனர். மலையூர்களில் மதுவால் சிதைந்த குடும்பங்களைச் சந்திக்கும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று.

நம் தாய்மொழி இங்கே ஒரு நுட்பத்தைத் தருகின்றது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்பார்; 'நாம்' என்றால் அவரும் உள்ளே வருவார். தன் பெருமையைப் பேசும் நூல் 'நான்' என்கின்றது. அறிவுரை மட்டும் கூறும் நூல் 'நீ' என்கின்றது. உண்மையில் ஊக்கம் தரும் நூல், 'நான்' என்று தொடங்கினாலும், படிப்பவரைத் தன் பக்கத்தில் அமர்த்தி 'நாம்' என்று முடிகின்றது.

ஆதலால் இத்தகைய நூல்களைக் கையில் எடுக்கும் இளைஞர்களுக்கு மூன்று கேள்விகளைப் பரிந்துரைக்கிறோம். இந்த ஆசிரியர் தம் தோல்விகளை எழுதியிருக்கின்றாரா, அல்லது வெற்றிக்கு முன்னுரையாக மட்டும் அவற்றைத் தொட்டுச் செல்கின்றாரா? தமக்குக் கைகொடுத்தவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றாரா? தம் வழி எல்லார்க்கும் பலிக்கும் என்கின்றாரா, அல்லது தமக்குப் பலித்த சூழ்நிலையையும் சேர்த்துச் சொல்கின்றாரா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் நூலை நம்பிப் படிக்கலாம். மற்றவற்றையும் படிக்கலாம், நம்ப வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் வெற்றிக் கதைகளை வாங்கித் தருகின்றீர்கள், நன்று. உங்கள் கதையையும் சொல்லுங்கள். விலை கிடைக்காத ஆண்டில் யார் அரிசி அளந்தார், பள்ளிக் கட்டணத்துக்கு எந்த நகை அடகுக்குப் போனது, எந்தக் கடனை எத்தனை ஆண்டு அடைத்தீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வையுங்கள். அதற்குப் பதிப்பாளர் வேண்டியதில்லை; உங்கள் வீட்டில் ஒருவர் படித்தால் போதும். தான் விழுந்த இடத்தில் தன் தகப்பனும் ஒருநாள் விழுந்து கிடந்தார் என்றும், அவரை ஒருவர் வந்து தூக்கிவிட்டார் என்றும் அறிந்த பிள்ளை, உதவி கேட்க வெட்கப்படாது.